கதை கேட்கும் நேரம்: சாமி கும்பிடப் போகும் மீனும், குறுக்கே நின்ற கதவணையும்!

சிந்தி குடும்பம் நடத்தும் ஜவுளிக்கடையோ எலெக்ட்ரிக்கல் கடையோ உங்கள் ஊரில் இருக்கிறதா? அடுத்த முறை போகும்போது, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் சாமி படங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் பக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் இருந்தாலும் இருப்பார். தலையில் மயிலிறகு, கையில் புத்தகம். தாமரைப் பூவின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தாமரையைச் சுமந்துகொண்டு ஒரு மீன் ஆற்றில் நீந்திக்கொண்டிருக்கும்.

அவர் பெயர் ஜூலேலால். சிந்திகளுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. கவ்வாலி கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். 1947 பிரிவினையின்போது வீடு, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பி வந்த சிந்தி இந்துக்கள், மும்பை, அகமதாபாத், சென்னை என்று குடியேறிய ஊருக்கெல்லாம் இவரையும் கூட்டிப்போனார்கள். யுகாதியை ஒட்டி வரும் 'சேட்டி சந்த்' நாளில் இவருக்கு விளக்கேற்றி, பழமும் இனிப்பும் வைத்து, ஊர்வலமாக நீர்நிலைக்கு எடுத்துப்போவார்கள். ஆறு இல்லாத ஊரில் குளம். குளமும் இல்லையென்றால் கடல்.

இந்த வாரம் அந்தப் பெரியவரைப் பற்றிப் பேசுவோம். அவரைவிடக் கொஞ்சம் அதிகமாக, அவரைச் சுமக்கும் மீனைப் பற்றி!

நம்ம உல்லம்தான் அது

அந்த மீனுக்கு சிந்தியில் 'பல்லா' என்று பெயர். வங்காளிகள் 'இலிஷ்' என்று உருகுவது இதைத்தான். இந்தியில் ஹில்சா. கோதாவரிக் கரையில் 'புலச'. தமிழில் 'உல்லம்'. ருசி அபாரம், முள் அதைவிட அபாரம். சாப்பிடத் தெரியாதவர்கள் ஒரு துண்டோடு எழுந்துவிடுவார்கள்.

உல்லத்தின் வாழ்க்கை கடலில். ஆனால், முட்டையிட அதற்கு ஆறு வேண்டும். மழைக்காலத்துப் புதுவெள்ளம் கடலில் வந்து கலந்ததும், கலங்கல் தண்ணீர் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஆற்றுக்குள் ஏறும். ஒழுக்கை எதிர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, நல்ல தண்ணீரில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் கடலுக்கு இறங்கும். குஞ்சுகள் ஆற்றிலேயே கொஞ்ச காலம் வளர்ந்து அப்புறம் அம்மா போன வழியில் போகும்.

சிந்து நதியில் இந்த மீனைப் பிடிப்பவர்கள் மோகானா மக்கள். 'மீர்பஹர்' என்றும் சொல்வார்கள். நீருக்குத் தலைவர் என்ற பொருள் வரும் பெயர். படகிலேயே பிறந்து, படகிலேயே சமைத்து, படகிலேயே கல்யாணம் செய்து வாழ்ந்த சமூகம். மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை ஒன்றில் இருக்கும் படகைக் காட்டி, 'இது எங்கள் படகு' என்று சொல்கிறவர்கள் இவர்களில் உண்டு. அவ்வளவு பழைய உறவுக்கு ஆதாரம் கேட்டால் கஷ்டம். ஆனால், படத்தைப் பார்த்தால் அந்த ஆசை புரியும்.

இவர்கள் பல்லா பிடிக்கும் முறை இருக்கிறதே, அதை 1830, 40-களில் சிந்துவுக்கு வந்த ஆங்கிலேயர்கள் வாய் பிளந்து எழுதிவைத்திருக்கிறார்கள். வலைப்படகு கிடையாது. ஒரு பெரிய மண்பானை. வயிறு பருத்து, வாய் சிறுத்த பானை. அதை ஆற்றில் மிதக்கவிட்டு, மீனவர் அதன் வாய் மேல் குப்புறப் படுத்துக்கொள்வார். அவருடைய வயிறுதான் பானைக்கு மூடி. தண்ணீர் உள்ளே போகாது. காலால் துடுப்பு போட்டபடி, கையில் நீண்ட கழியில் கட்டிய வலையை ஆழத்தில் பிடித்துக்கொண்டு ஒழுக்கோடு போவார். எதிரே ஏறி வரும் பல்லா வலையில் மோதும். கயிற்றை இழுத்தால் வலை சுருங்கும். மீனை எடுத்து, வயிற்றைக் கொஞ்சம் தூக்கி, பானைக்குள் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். தோணி, தூண்டில், கூடை எல்லாமே அந்தப் பானைதான்!

யோசித்துப் பாருங்கள். வெள்ளம் புரளும் சிந்து நதி. கீழே எத்தனை ஆள் ஆழம் என்று தெரியாது. ஒரு சுழல், ஒரு மரக்கட்டை போதும், பானை உடைய. அப்படி ஒரு தொழிலுக்குத் தினமும் இறங்குகிறவருக்கு நீருக்குள் தன் பேச்சைக் கேட்கும் யாராவது ஒருவர் வேண்டும் இல்லையா?

முதுகைக் காட்டாத மீன்

அந்த ஒருவர் 'ஜிந்தா பீர்'. என்றைக்கும் உயிரோடு இருக்கும் ஞானி என்று அர்த்தம். இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், சுக்கூர், ரோஹ்ரி என்று ஆற்றின் இரு கரையிலும் இரண்டு ஊர்கள். நடுவில் பக்கர் என்ற கோட்டைத் தீவு. அதன் பக்கத்திலேயே இன்னொரு குட்டித் தீவு. அங்கேதான் ஜிந்தா பீரின் இருப்பிடம். இஸ்லாமிய மரபில் இவர் க்வாஜா கிஸ்ர். நம்மூர் முஸ்லிம் வீடுகளில் 'ஹிள்ர்' என்று சொன்னால் தெரியும்.

மோகானாக்கள் சொல்லும் கதை இது. பல்லா மீன் கடலிலிருந்து கிளம்புவதே ஜிந்தா பீரைத் தரிசிக்கத்தான். கிளம்பும்போது அதற்குப் பொலிவு கிடையாது. அத்தனை தூரம் நீந்தி வந்து பீரின் காலடியைத் தொட்ட பிறகுதான் உடம்பு வெள்ளியாக மின்னும். தரிசனம் முடிந்து திரும்பும்போதும் அது பீருக்கு வாலைக் காட்டாது. சந்நிதியைப் பார்த்த முகம் மாறாமல் பின்னாலேயே நீந்தி இறங்கும்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது நம் கோயில்களில் பார்க்கும் பாட்டிகள்தான். மூலவருக்கு முதுகைக் காட்டக் கூடாதென்று பத்தடி பின்னாலேயே நடந்து வருவார்களே, அதே மரியாதை!

கதையில் பாதி கண்ணால் பார்த்த உண்மை. ஆற்றில் ஏறுகிற மீன் ஒழுக்கைப் பார்த்துதான் நிற்கும். தளர்ந்த மீனைத் தண்ணீர் பின்னுக்குத் தள்ளும்போதும் தலை தண்ணீர் வரும் பக்கமாகத்தான் இருக்கும். வருஷா வருஷம் ஆற்றில் கிடந்தவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள். 'பீர் வரைக்கும்தான் வரும்' என்பது மட்டும் முழு உண்மை இல்லை. அணைகள் வருவதற்கு முன் பல்லா சுக்கூரைத் தாண்டி, பஞ்சாபில் இருக்கும் முல்தான் வரைகூடப் போயிருக்கிறது என்று மீன்வள ஆய்வுகள் சொல்கின்றன. சரி, க்ஷேத்திராடனம் கிளம்பியவர்கள் எல்லோரும் ஒரே கோயிலோடு திரும்பிவிடுகிறார்களா என்ன?

கிஸ்ருக்கும் மீனுக்கும் உள்ள சொந்தம் சிந்துவில் தொடங்கியது இல்லை. குர்ஆனின் 18-வது அத்தியாயத்தில் மூஸா நபியும் அவருடைய உதவியாளரும் இரு கடல்கள் சேரும் இடத்தைத் தேடிப் பயணம் போகிறார்கள். கையில் சாப்பாட்டுக்கு ஒரு மீன். ஓரிடத்தில் அந்த மீன் தானாகவே கடலுக்குள் வழி பிடித்துப் போய்விடுகிறது. அதே இடத்தில்தான் அவர்கள் ஓர் இறையடியாரைச் சந்திக்கிறார்கள். அந்த அடியார்தான் கிஸ்ர் என்பது மரபு. மீன் நழுவிய இடத்தில் ஞானி இருக்கிறார் என்ற இந்தக் கதை, ஆற்றையே நம்பி வாழ்ந்த மக்களிடம் வந்து சேர்ந்தபோது எப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிந்துவின் இந்துக்களுக்கு அதே பெரியவர்தான் ஜூலேலால், உதேரோலால், நீரின் தேவனான வருணனின் அவதாரம். தட்டா நகரத்தை ஆண்ட மிர்க்ஷா என்ற மன்னன் மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த, மக்கள் சிந்து நதிக்கரையில் விரதம் இருந்து வேண்டினார்கள், நதியிலிருந்து இவர் வந்தார் என்பது அவர்கள் சொல்லும் புராணம். ஒரே தீவு, ஒரே மீன், இரண்டு பெயர். நெடுங்காலம் இரு தரப்பும் ஒரே இடத்தில்தான் கும்பிட்டிருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் 'இடம் யாருடையது' என்ற தகராறு வந்தது. தீவு முஸ்லிம்களிடம் இருக்க, இந்துக்கள் கரையில் தனிக்கோயில் கட்டிக்கொண்டார்கள். கோர்ட்டும் கச்சேரியும் வந்தால் ஞானிகளையும் பாகப்பிரிவினை செய்துவிடுகிறோம்! ஆனால், உதேரோலால் என்ற ஊரில் இருக்கும் இன்னொரு தலத்தில் இன்றைக்கும் இரு மதத்தவரும் வந்து போகிறார்கள். அங்கே அவரை முஸ்லிம்கள் ஷேக் தாஹிர் என்று அழைக்கிறார்கள்.

சுழலுக்குள் இருந்த பூதம்

நீருக்குள் எல்லாமே நல்லதாக இருந்துவிட முடியுமா? சிந்து மீனவர்களின் இன்னொரு கதையில் தண்ணீர் ஆளையே விழுங்குகிறது.

இன்றைய கராச்சி இருக்கும் இடத்தில், ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் பகுதியில், 'கொலாச்சி' என்ற சுழல் இருந்ததாம். ஏழு அண்ணன் தம்பிகள். ஆறு பேர் மீன் பிடிக்கப் போவார்கள். மோரிரோ என்ற ஏழாவது ஆளுக்கு உடல் ஊனம் என்பதால் வீட்டிலேயே இருப்பான். ஒருநாள் ஆறு பேரும் திரும்பவில்லை. சுழலில் இருந்த ராட்சத நீர்விலங்கு அவர்களை விழுங்கிவிட்டது.

மோரிரோ அழுதுகொண்டு உட்காரவில்லை. வெளிப்பக்கம் முழுக்க கூர் முனைகள் வைத்த கூண்டு ஒன்றைச் செய்யச் சொன்னான். அதில் கயிறுகளைக் கட்டி, மறுமுனையைக் கரையில் மாடுகளிடம் பூட்டினான். கூண்டுக்குள் தானே உட்கார்ந்து சுழலில் இறங்கினான். விலங்கு வந்து கூண்டோடு விழுங்கியது. முனைகள் அதன் தொண்டையில் மாட்டிக்கொண்டன. கரையில் இருந்தவர்கள் மாடுகளை ஓட்ட, பூதம் தரைக்கு வந்தது. அதன் வயிற்றைக் கிழித்து, அண்ணன்களின் உடல்களை எடுத்துப் புதைத்து, அந்தக் கல்லறைகளுக்குப் பக்கத்திலேயே அவன் மீதி வாழ்க்கையைக் கழித்தான். கராச்சி நகரத்துக்குள், வாகனங்கள் இரையும் சாலைக்குப் பக்கத்தில் மோரிரோ சகோதரர்களுடையது என்று சொல்லப்படும் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. 18-ம் நூற்றாண்டின் சூஃபி கவிஞர் ஷா அப்துல் லதீஃப் இந்தக் கதையைத் தன் பாடல்களில் ஒரு தனிப்பகுதியாகவே பாடியிருக்கிறார்.

தொழிலுக்குப் போகத் தகுதியில்லாதவன் என்று வீட்டில் விடப்பட்டவன்தான் பூதத்தை ஜெயிக்கிறான் என்பதை நான் ரசித்தேன். கூடவே, வெற்றிக்குப் பிறகும் அண்ணன்கள் உயிரோடு திரும்புவதில்லை. மீனவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் கதையில் அந்தப் பொய்யைச் சேர்க்கவில்லை.

பீருக்கு முன்னால் வந்த 66 கதவுகள்

1932-ல் சுக்கூர் கதவணை திறக்கப்பட்டது. 66 கதவுகள். ஜிந்தா பீர் தீவுக்குச் சில கிலோமீட்டர் கீழே, ஆற்றின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கடலிலிருந்து வரும் மீனுக்கு, சந்நிதித் தெருவில் நுழையும்போது வாசலை மூடியது மாதிரி.

அடுத்து, 1955-ல் இன்னும் கீழே, ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் கோட்ரி கதவணை. (நம் ஹைதராபாத் இல்லை, சிந்துவில் உள்ளது.) அதோடு பல்லாவின் யாத்திரை கோட்ரியோடு முடிந்தது. அங்கிருந்து சுக்கூருக்கு இன்னும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்.

மீன் ஏறிப்போக கோட்ரியில் படி வைக்காமல் இல்லை. 'மீன் ஏணி' என்பார்கள். அணையின் ஓரத்தில் படிப்படியாகத் தண்ணீர் இறங்கும் வாய்க்கால். வெளிநாடுகளில் சால்மன் மீன்கள் இதில் துள்ளித் துள்ளி ஏறும். பல்லா துள்ளாது. ஒழுக்கை எதிர்த்து நீந்தத் தெரிந்த மீன் அது, தாண்டத் தெரியாது. யாருக்காகக் கட்டுகிறோமோ அவர்களைக் கேட்காமல் கட்டிய வசதிகள் நம் ஊரிலும் எத்தனையோ உண்டே!

மேலே தடுக்கும் அணைகள் கூடக்கூட, கோட்ரிக்குக் கீழே கடல் வரை போகும் தண்ணீரும் வருஷத்தில் பல மாதங்கள் பெயரளவுக்குத்தான். கடல்நீர் உள்ளே ஏறிக் கழிமுகம் உப்பாகிறது. வெள்ளமே கடலுக்குப் போகவில்லை என்றால், மீனுக்கு 'வா' என்று சொல்வது யார்?

ஆனால், இதில் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சுக்கூர் கதவணை 70 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. சிந்துவின் கோதுமையும் பருத்தியும் அதை நம்பித்தான். அந்த வயல்களின் பக்கம் நின்று பார்த்தால் அணைதான் தெய்வம்.

இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோதாவரிக்கு வாருங்கள். 1852-ல் தவளேஸ்வரத்தில் ஆர்தர் காட்டன் அணைக்கட்டைக் கட்டி முடித்தார். பஞ்சம் பட்ட டெல்டா நெல் வயலானது. இன்றும் கோதாவரி மாவட்டங்களில் காட்டனுக்குச் சிலை வைத்து மாலை போடுகிறார்கள். நதியில் நீராடும்போது சொல்லும் சங்கல்பத்தில் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும் புரோகிதர்கள் இருக்கிறார்கள். தேனிப் பக்கம் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கும் நமக்கு இது புரியும்.

அதே கோதாவரியில் அதே உல்லம் மீனுக்கு என்ன கதை தெரியுமா? கடலில் இருக்கும்வரை அது சாதாரண மீன். வேறு பெயர், குறைந்த விலை. ஜூலை, ஆகஸ்ட்டில் சிவப்பாகப் பெருகி வரும் கோதாவரித் தண்ணீர் அதன் மேல் பட்டதும் 'புலச' ஆகிவிடும். தாலியை விற்றாவது புலச சாப்பிட வேண்டும் என்று ஆந்திராவில் பழமொழியே உண்டு. (விற்றவர்கள் யாராவது இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள்!) சிந்துவில் பீரின் காலைத் தொட்டு வெள்ளியானது. இங்கே ஆற்றைத் தொட்டு ருசியானது. கடலிலிருந்து வந்த மீனின் உடம்பில் உப்பு குறைந்து, நீந்தி நீந்திக் கொழுப்பு கரைந்து மாறுவது நிஜம்தான். அந்த மாற்றத்தை இரண்டு நதிக்கரைக்காரர்களும் தனித்தனியாகக் கவனித்து, ஒருவர் ஞானிக்கும் இன்னொருவர் நதிக்கும் அந்தப் பெருமையைக் கொடுத்திருக்கிறார்கள். யானம் முகத்துவாரத்தில் நுழைந்து மேலே வரும் புலசக்கும் எல்லை ஒன்றுதான்: தவளேஸ்வரம், காட்டன் கட்டிய இடம்.

ஒரே ஆறு. விவசாயி கும்பிடுவது தண்ணீரை நிறுத்தியவரை. மீனவர் கும்பிடுவது தண்ணீரில் போய்க்கொண்டே இருப்பவரை. அணை கட்டும்போது முதல் பக்தரின் எண்ணிக்கை கணக்கில் வந்தது, இரண்டாவது பக்தரின் எண்ணிக்கை வரவில்லை.

மீன் கேட்கும் பேய்

கங்கைக்குப் போனால் கதை கொஞ்சம் ஜாலியாகிவிடும். வங்காளத்தில் 'மேச்சோ பூத்' என்று ஒரு பேய் இருக்கிறது. மீன்பேய்! ராத்திரியில் மீனோடு தனியாக நடந்து போகிறவர்களின் பின்னாலேயே வந்து, மூக்கால் பேசி, 'மீனைக் கொடுத்துவிட்டுப் போ' என்று கேட்கும். உயிரெல்லாம் வேண்டாம். மீன் போதும். வங்காளிப் பேய் என்றால் வேறு எதைக் கேட்கும்?

இலிஷ் மீனுக்கு அங்கே ஒரு கட்டுப்பாடும் உண்டு. துர்கா பூஜை முடிந்து ஐப்பசி வாக்கில் வரும் லட்சுமி பூஜையிலிருந்து, தை, மாசியில் வரும் சரஸ்வதி பூஜை வரை பழைய பழக்கமுள்ள வீடுகளில் இலிஷ் வாங்க மாட்டார்கள். லட்சுமி பூஜை நாள் அங்கே பௌர்ணமி. இலிஷ் அதிகமாக முட்டையிடுவதும் அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். இன்று பங்களாதேஷ் அரசு அக்டோபரில் 22 நாள்கள் இலிஷ் பிடிக்கத் தடை போடுவதும் அதே கணக்கில்.

'பார்த்தீர்களா, நம் முன்னோர்கள் அப்போதே...' என்று ஃபார்வர்ட் மெசேஜ் தட்ட ஆரம்பித்துவிடாதீர்கள். இந்தப் பழக்கம் எல்லா வீட்டிலும் இருந்ததில்லை. 1975-ல் ஃபராக்கா கதவணை வந்த பிறகு, ஒரு காலத்தில் அலகாபாத்தையும் தாண்டிப் போன மீன் அங்கேயே தடுக்கப்பட்டதை எந்த விரதத்தாலும் மாற்ற முடியவில்லை.

நம்பிக்கை இருந்தால் உயிரினம் தானாகக் காப்பாற்றப்படும் என்பதும் எப்போதும் சரி இல்லை. சிந்து நதியில் கண் தெரியாத டால்பின் ஒன்று வாழ்கிறது. 'புல்ஹன்' என்பார்கள். அது ஒரு காலத்தில் கரையில் வாழ்ந்த பெண், ஞானி ஒருவரின் சாபத்தால் இப்படி ஆனாள் என்று கதை. அந்தக் கதையைச் சொன்ன மீனவர்களே அதை வேட்டையாடி எண்ணெயும் எடுத்திருக்கிறார்கள். 1972-ல் வேட்டைக்குத் தடை, 1974-ல் சுக்கூருக்கும் குட்டு கதவணைக்கும் இடையே சரணாலயம். அதற்குப் பிறகுதான் மெல்ல எண்ணிக்கை ஏறியது. 2001 கணக்கெடுப்பில் 1,100 சொச்சம், 2017-ல் 1,800-க்கு மேல். பல்லாவைப் பிடிப்பதும் அப்படியே. பீரிடம் போகும் வழியில் மடக்கித்தானே பிடிக்கிறார்கள்! மீனவருக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. பக்தரை அனுப்புவதும் பீர்தான், தன் பானையில் போடுவதும் பீர்தான் என்பது அவர் கணக்கு.

அப்படியானால் இந்தக் கதைகளால் என்னதான் பயன்? என் பார்வையில், எந்த அரசாங்க வரைபடத்திலும் இல்லாத ஒரு பாதையை இவை பத்திரமாக வைத்திருக்கின்றன. கடலிலிருந்து சுக்கூர் வரைக்கும் ஒரு மீனுக்கு வழி இருந்தது என்பது பொறியாளரின் பிளானில் விட்டுப்போயிருக்கலாம். ஜிந்தா பீர் கதை தெரிந்த குழந்தைக்குக்கூட அது தெரியும்.

நம் ஆற்றில்?

காவிரியிலும் கொள்ளிடத்திலும் உல்லம் ஏறியிருக்கிறது. பழைய மீன்வளக் குறிப்புகள் அதைச் சொல்கின்றன. 1836-ல் கொள்ளிடத்தில் மேலணையும் கீழணையும். அதையும் கட்டியவர் காட்டன்தான். 1934-ல் மேட்டூர். புதுவெள்ளத்தின் வேகமும் காலமும் மாறிப்போக, உல்லத்தின் வரத்தும் அருகிப்போனது. ஆடிப்பெருக்கில் காவிரியை மசக்கைக்காரியாக நினைத்து சித்ரான்னம் படைக்கிறோமே, அந்தப் புதுவெள்ளத்தில்தான் சினையோடு அந்த மீனும் ஏறி வந்தது. ஆற்றங்கரையில் கன்னிமாருக்குப் பொங்கல் வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சிந்துவில் பல்லாவுக்கு இருப்பதுபோல் நம் உல்லத்துக்கும் ஏதாவது கதை இருந்ததா? டெல்டாப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தாத்தா, பாட்டி யாராவது சொன்னால் எங்களுக்கு எழுதுங்கள்.

மோகானாக்களில் பலர் இப்போது கரையேறிவிட்டார்கள். மஞ்சர் ஏரி அவர்களுடைய படகு வீடுகளுக்குப் பேர் போனது. வடிகால் உப்புநீர் வந்து கலந்ததில் அங்கே மீன் குறைய, படகு வீடுகளும் குறைந்தன. 2022 பெருவெள்ளத்தில் அருகில் இருந்த நகரங்களைக் காப்பாற்ற அந்த ஏரிக்கரையை அதிகாரிகளே வெட்டிவிட்டார்கள்.

கோட்ரி கதவணைக்குப் பக்கத்தில், ஜாம்ஷோரோ ஆற்றங்கரையில் பல்லா பொரித்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. சீசனில் குடும்பம் குடும்பமாக வந்து சாப்பிடுகிறார்கள். எதிரே கதவுகள். அதற்கு இந்தப் பக்கம்வரை வந்த மீன்தான் வாணலியில். சுக்கூர் தீவில் ஜிந்தா பீருக்கு விளக்கேற்றப் படகில் ஆட்கள் இன்றைக்கும் போய்வருகிறார்கள்.